பறையும் பாராட்டும்

வைக்கோல் புகைந்தது, புகையினூடே நெருப்பு எழுந்தது. அதைச் சுற்றி நின்ற இளைஞர் ஐவர், ஆளுக்கொரு பறையை ஏந்தி, தோலைத் தீயின் பக்கம் காட்டுவதும், விரலால் தட்டிப் பார்ப்பதும், மீண்டும் காட்டுவதுமாக இருந்தனர். மாலைக் காற்றின் ஈரம் பட்டால் தோல் தளரும். தளர்ந்த தோல் முணுமுணுக்கும். சூடு பட்டால் விறைக்கும். விறைத்த தோல்தான் பேசும்!

இடம், சிலமலை. போடிநாயக்கனூருக்குத் தெற்கே, தேவாரம் செல்லும் வழியில், மேற்கு மலைத்தொடர் மதில்போல் நிற்க, அதன் அடிவாரத்தில் அமைந்த ஊர். மலைமேல் ஏலத்தோட்டங்கள், மலையடியில் அத்தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் சிற்றூர்கள். அன்று ஏப்ரல் 13. மறுநாள் அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். விழாவில் பேச அழைக்கப்பட்டு நாம் முன்தினமே சென்றிருந்தோம். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து முதியவர் ஒருவர் வந்திருந்தார். அவர் ஊரின் பெயர் வேண்டாம். பல ஊர்களின் கதை அவருடையது. ஒரு காலத்தில் பறையடிப்பதில் பேர்போனவர் என்றனர். இளைஞரில் ஒருவன், நன்றாகச் சூடேறிய பறையொன்றை அவரிடம் நீட்டி, “பெரியப்பா! நாளை முதல் அடியை நீங்கள்தான் அடித்துத் தொடங்கி வைக்க வேண்டும்” என்றான்.

முதியவர் கையை நீட்டவில்லை.

“நான் தொடமாட்டேனப்பா. இதைக் கீழே வைத்து இருபது ஆண்டாகிறது. ஊரில் சாவு விழுந்தால், வந்து அடி என்பார்கள், அடித்தோம். திருவிழா என்றால், தெருத்தெருவாய் அறிவித்து வா என்பார்கள், அறிவித்தோம். கூலி கேட்டால், முறைக்கு ஏதடா கூலி என்பார்கள். ஒருநாள் ‘முடியாது’ என்று சொன்னேன். அன்று கீழே வைத்தது. இப்போது அந்தப் பெரிய மனிதர் படத்துக்கு முன்னால் இதை எடுத்து அடித்தால், அன்று நான் சொன்ன சொல் என்ன ஆவது?”

இளைஞன் தயங்கவில்லை. “நீங்கள் அடித்தது அவர்கள் சொன்னதற்காக, பெரியப்பா. நாங்கள் அடிப்பது நாங்கள் விரும்புவதற்காக!”

இருவரும் நம்மைப் பார்த்தனர். ‘ஊருக்கு ஊர் சென்று பேசுகிறீர்களே, நீங்கள் சொல்லுங்கள்’ என்று கேட்டது அந்தப் பார்வை. நாம் உடனே விடை சொல்லவில்லை. சொல்லும் தகுதி நமக்கு வாய்க்கவில்லை என்பதே உண்மை. பறையடிக்க எவரும் நம்மைக் கட்டளையிட்டு அழைத்ததில்லை. ‘முடியாது’ என்று சொல்லி அடியும் உதையும் பெற்றதில்லை. மறுநாள் மேடையில் பேசினோம், கைதட்டினர், வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்முடனேயே பேருந்தேறி வந்துவிட்டது.

உரிமைக்குப் போராடியவரை இசையால் போற்றுவது தகுமா? தகுமெனில், எந்த இசையால்? எவர் கையால்?

சிறிய கேள்வி இது என்று எவரும் தள்ளிவிடலாகாது. தலைவர் பிறந்த நாள் வருகிறது. பேண்டு வாத்தியம் வருகிறது, வெடி வெடிக்கிறது, படத்துக்கு ஆளுயர மாலை விழுகிறது. மறுநாள் பொழுது விடிகிறது. அதே தெரு, அதே பிரிவினை, அதே ‘நீ எட்ட நில்!’ ஆண்டுக்கொரு நாள் முழக்கம், எஞ்சிய நாளெல்லாம் முடக்கம் என்றால், அந்த முழக்கம் யாரை எழுப்பிற்று? யாரை உறங்க வைத்தது?

இதே கேள்வியை, அடிமைத்தனத்தின் வடுவை நம்மைப்போலவே சுமந்துவரும் வேறொரு நாட்டில், இசைவாணர் ஒருவர் எதிர்கொண்ட விதத்தை முதலில் பார்ப்போம். பிறகு சிலமலைக்குத் திரும்புவோம்.

நம் ஊரில் பேண்டு என்றால் திருமண ஊர்வலம் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலோ பள்ளிதோறும் கல்லூரிதோறும் பேண்டுக் குழுக்கள் உண்டு. கிளாரினெட், புல்லாங்குழல், ட்ரம்பெட், டூபா என ஊதி ஒலிப்பவையும், முரசு முதலாக அடித்து ஒலிப்பவையும் கூடிய பெருங்குழு அது. அரங்கில் அமர்ந்து அவர்கள் வாசிப்பதற்கென்றே இசையமைப்பாளர்கள் தனி இசைப் படைப்புகள் எழுதுகின்றனர். அவ்வாறு 1992இல், புளோரிடா மாநிலப் பேண்டு ஆசிரியர் சங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில், மார்க் கேம்ப்ஹவுஸ் என்பவர் ஒரு படைப்பை எழுதினார். ‘எ மூவ்மெண்ட் ஃபார் ரோசா’ என்பது அதன் பெயர். ‘மூவ்மெண்ட்’ என்ற சொல்லுக்கு இசையின் ஒரு பகுதி என்றும் பொருள். மக்கள் இயக்கம் என்றும் பொருள். ரோசாவுக்காக ஓர் இசை. ரோசாவுக்காக ஓர் இயக்கம்!

யார் அந்த ரோசா? அரசியா? படைநடத்தியவரா? இல்லை. தையற்காரப் பெண்.

ரோசா பார்க்ஸ் 1913 பிப்ரவரி 4 அன்று அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் பிறந்தவர். மாண்ட்கோமரி நகரில் ஆடை திருத்தும் வேலை செய்து பிழைத்தவர். அந்நகரப் பேருந்தில் முன்வரிசைகள் வெள்ளையருக்கு, பின்வரிசைகள் கறுப்பருக்கு. நடுவில் உள்ளவை, வெள்ளையர் வராதவரை மட்டும் கறுப்பருக்கு! 1955 டிசம்பர் 1 மாலை. வெள்ளையர் ஒருவர் நிற்கிறார். நடுவரிசையில் அமர்ந்திருந்த கறுப்பர் நால்வரையும் எழச் சொல்கிறார் ஓட்டுநர். மூவர் எழுந்தனர். ரோசா எழவில்லை. கைது செய்தனர், வழக்குத் தொடுத்தனர், செலவுத்தொகை சேர்த்து 14 டாலர் தண்டம் விதித்தனர். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். ஒரு நாளன்று, ஒரு வாரமன்று, 381 நாள்! பேருந்தில் நிறப்பிரிவினை செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, அது நடைமுறைக்கு வந்த பிறகே, 1956 டிசம்பரில் மக்கள் மீண்டும் பேருந்தில் ஏறினர்.

இந்த வாழ்வைத்தான் கேம்ப்ஹவுஸ் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிட இசையாக வடித்தார். மூன்று பகுதிகள். முதற்பகுதி, ரோசாவின் இளமை. இரண்டாவது, மாண்ட்கோமரியின் கொந்தளிப்பு. மூன்றாவது, அமைதி குடிகொண்ட உறுதி. உரிமைப் போரில் கறுப்பின மக்கள் பாடிய ‘வீ ஷால் ஓவர்கம்’ என்ற பாடலின் மெட்டு, முன்பகுதிகளில் துண்டு துண்டாக எட்டிப்பார்க்கும்; இறுதியை நெருங்கும்போதுதான் முழுமையாக ஒலிக்கும்.

அங்கேயே முடித்திருக்கலாம். வெற்றி மெட்டு விண்ணதிர ஒலிக்க, அரங்கம் எழுந்து நின்று கைதட்ட, அனைவரும் மனநிறைவோடு வீடு திரும்பியிருக்கலாம். அவர் அவ்வாறு முடிக்கவில்லை. மெட்டு முழங்கி ஓய்ந்தபின், இறுதி அடிகளில் அச்சம் தரும் இருண்ட ஒலியொன்றை வைத்தார். நிறவெறி இன்னும் சாகவில்லை, நம்மிடையே உலவுகிறது என்ற எச்சரிக்கை அது.

தோழர்களே! அந்தச் சில நொடிகளில்தான் பாராட்டுக்கும் பசப்புக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது என்போம். ‘போராட்டம் முடிந்தது, வெற்றி கிடைத்தது, வாருங்கள் கொண்டாடுவோம்’ என்று சொல்லும் இசை, போராடியவரை நன்றியோடு புதைத்துவிடுகிறது. ‘அவர் தொடங்கியது முடியவில்லை’ என்று சொல்லும் இசைதான் அவரை வாழவைக்கிறது.

எனினும் அந்த இசையும் முழுக்கதையைச் சொல்லிவிட்டதாகக் கருதவேண்டா. ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1955 மார்ச் 2 அன்று, அதே நகரில், கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளிச் சிறுமி பேருந்தில் எழ மறுத்துக் கைதானாள். பேருந்துப் பிரிவினையை வீழ்த்திய வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களில் அவளும் ஒருத்தி. ஆனால் நெடுங்காலம் அவள் பெயரை உலகம் உச்சரிக்கவில்லை. புகழுக்குக் கண் உண்டு. அந்தக் கண்ணில் குறையும் உண்டு!

ரோசாவைப் பற்றியே ஒரு கட்டுக்கதை உலவியது. வேலை செய்து கால் வலித்ததாம், அதனால் எழவில்லையாம்! அவரே பின்னாளில் அதை மறுத்தார். உடல் களைப்பு அன்று, அடங்கி அடங்கிப் போனதில் பிறந்த சலிப்பு என்று விளக்கினார். கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளைக்கு 1943இலேயே செயலாளரானவர் அவர். 1955 கோடையில் டென்னசி மாநிலத்து ஹைலாண்டர் பள்ளியில் நடந்த பயிற்சிக்கும் சென்றுவந்தவர். எண்ணித் துணிந்த செயலைக் கால்வலியாகச் சுருக்கியது ஏன்? சிந்தித்துப் போராடிய பெண்ணைவிட, களைத்து உட்கார்ந்துவிட்ட பெண்ணைப் போற்றுவது ஆதிக்கக்காரருக்கு எளிது. அவளைப் பார்த்து இரங்கலாம், அஞ்ச வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. எழ மறுத்த அந்தப் பெண், 1956 தொடக்கத்தில் வேலை இழந்தார். 1957இல் கணவரோடு மாண்ட்கோமரியை விட்டே வெளியேறி, டெட்ராய்ட் நகரில் குடியேறினார். குடியரசுத் தலைவரின் பதக்கம் வந்தது 1996இல்! வறுமை உடனே வந்தது. பதக்கம் நாற்பதாண்டு கழித்து வந்தது. போராடும்போது பட்டினி, முதுமையில் பாராட்டு என்பது உலகெங்கும் ஒரே வழக்கம்போலும்!

அமெரிக்காவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவானேன்? நம் நாட்டுப் பேருந்தின் கதை என்ன?

ஆதிதிராவிட மக்களை ஏற்ற மறுத்த பேருந்துகள் நம் மண்ணிலும் ஓடின. பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, அவர்களை ஏற்றாத பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். மாண்ட்கோமரிக்குக் கால் நூற்றாண்டு முந்திய செய்தி இது! போடியிலிருந்து பட்டிவீரன்பட்டி எட்டாத் தொலைவன்று. ஆயினும் இங்குள்ள இளைஞரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எந்தப் பேண்டு அதை வாசித்தது? சென்னைத் தியாகராய நகரில் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று அவர் பெயரை ஒரு கடைவீதிக்குச் சூட்டினர். அது ‘பாண்டி பஜார்’ என்று சுருங்கிற்று. துணி எடுக்கவும் நகை வாங்கவும் அங்கே நடப்பவர், யார் பெயர்மேல் நடக்கிறோம் என்று அறியார். பெயர் வைப்பது நினைவாகிவிடாது. ஒலி எழுப்புவதும் நினைவாகிவிடாது. அவர் செய்தது இன்னதென்று அறிந்து, அதை நாமும் செய்யத் துணியும்போதே நினைவு நிலைக்கிறது.

இனி, சிலமலை முதியவரிடம் திரும்புவோம்.

அவர் தொட மறுத்த கருவி இழிந்ததா? பிறப்பால் இழிந்தது என்று ஒரு மனிதனைச் சொல்வது எவ்வளவு பொய்யோ, அவ்வளவு பொய் அது. பறைதல் என்றால் பேசுதல். தொல்காப்பியம் நிலந்தோறும் உள்ள கருப்பொருள்களை எண்ணும்போது, உணவையும் மரத்தையும் பறவையையும் வைத்த வரிசையில் பறையையும் வைத்தது. குறிஞ்சிக்கும் பறை உண்டு; முல்லைக்கும் பறை உண்டு; மருதத்துக்கும் பறை உண்டு. எல்லாருக்கும் உரியதாக இருந்த ஒலி, பின்னர் ஒரு சாதியின் கழுத்தில் மாட்டப்பட்ட நுகத்தடியாயிற்று. சாவுச் செய்தி சொல்ல ஒரு பிறப்பு. சாவு வீட்டுத் திண்ணையில் சாய்ந்து கேட்க ஒரு பிறப்பு! கருவி இழியவில்லை, கட்டாயம்தான் அதனை இழிவாக்கிற்று.

ஆகவேதான், தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் போன்றோர் பறையடிக்கும் ‘முறை’யை எதிர்த்துப் போராடினர். பறையைக் கீழே வைப்பதே விடுதலையின் முதற்படி என்று கண்டனர். பிற்காலத்தில் இந்திய அரசு தீண்டாமைக் கொடுமைகளை ஆராய அமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்று, 1969இல் அறிக்கை தந்தவரும் அவரே. சிலமலையில் நாம் கண்ட முதியவர் அந்த வழியில் வந்தவர். பறையைக் கீழே வைத்த கை, கலையைக் கொன்ற கை அன்று. தளையை அறுத்த கை!

அந்த இளைஞனோ வேறொரு வழியில் வந்தவன். திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில் பெண்கள் பறை கற்று மேடையேறுகின்றனர். ஆணுக்கே உரியதென்றும், சாவுக்கே உரியதென்றும் சொல்லப்பட்ட கருவி, அவர்கள் கையில் ஆடலாய், அறைகூவலாய் மாறியது. 2018 சனவரியில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற குழுவைச் சென்னையில் மேடையேற்றியது. கானாவும் ராப்பும் பறையும் கலந்து, அண்ணல் அம்பேத்கரைப் பாடினர் அக்குழுவினர். 2025இல் மதுரை மாவட்டப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. ‘எட்ட நின்று அடி’ என்று கட்டளையிடப்பட்ட கருவிக்குத் தலைநகரில் இருக்கை கிடைத்தது! இளைஞன் பெருமிதம் கொள்வதில் பிழை என்ன?

ஒருவர் கீழே வைத்தார். ஒருவன் மேலே எடுத்தான். எதிரெதிர்ச் செயல்கள்போல் தோன்றுகின்றன. எதிரா? இல்லை என்கிறோம்.

நாதசுர உலகில் நடந்த ஒன்றை இங்கே எண்ணிப் பார்க்கலாம். கானாடுகாத்தானில் ஒரு திருமண ஊர்வலம். மதுரை சிவக்கொழுந்து என்ற நாதசுர வித்துவான் வாசித்து வருகிறார். அவர் தோளில் ஒரு துண்டு. வியர்வை துடைக்கும் துண்டு! அதை எடுக்கச் சொன்னார்கள் செல்வர்கள். தோளில் துண்டு போடும் தகுதி வாசிப்பவனுக்கு இல்லையாம்! அங்கிருந்த பட்டுக்கோட்டை அழகிரி, ‘எடுக்காதீர், போட்டுக்கொண்டே வாசியும்’ என்று வித்துவானுக்குத் துணைநின்றார். துண்டு தோளிலேயே இருந்தது. அன்று எழுந்த நாதம் நேற்றைய நாதம்தானா? அதே கருவி, அதே சுரம், அதே விரல். ஆயினும் நேற்றுவரை ஏவலாளின் ஊதல். அன்று ஒரு மனிதனின் இசை! இடையில் நிகழ்ந்தது என்ன? ஒரு மறுப்பு. அவ்வளவே.

நாம் சொல்ல விரும்புவது இதுதான்: மறுக்க முடிந்த கைதான் மதிப்பளிக்க முடியும்.

கொடை என்பது யாது? கொடுக்காமலிருக்கவும் உரிமையுள்ளவன் மனமுவந்து தருவது கொடை. கொடுக்காதிருக்க உரிமையில்லாதவன் தருவது கொடையன்று, வரி. பாராட்டும் ஒரு கொடை. ஏவினால் அடித்தாக வேண்டும் என்ற நிலையில் உள்ளவன் எவ்வளவு நயமாக அடித்தாலும், அதில் ஒலி உண்டு, திறம் உண்டு, அழகும் உண்டு; பாராட்டு மட்டும் இல்லை. அவனுடைய பாராட்டை அவனிடமிருந்து முன்பே பறித்துக்கொண்டுவிட்டோம்.

ரோசா பார்க்ஸ் செய்தது என்ன? ‘முடியாது’ என்றார். சிலமலை முதியவர் செய்தது என்ன? ‘முடியாது’ என்றார். எழ மறுத்த பெண்ணும், அடிக்க மறுத்த ஆணும் ஒரே சொல்லைச் சொன்னவர்கள். அந்தச் சொல்லைச் சொன்னவரைப் போற்ற வேண்டுமானால், அதே சொல்லைச் சொல்லத் துணிந்தவராலேயே முடியும். ஆகவே, விழா மேடையில் அடிக்காமல் நின்ற முதியவரின் மௌனமும் அண்ணலுக்குச் செய்த சிறப்பே. அவர் மறுத்ததால் கிடைத்த இடத்தில் நின்று, விரும்பி அடித்த இளைஞனின் முழக்கமும் சிறப்பே. முதியவர் பறையைக் கீழே வைத்திராவிட்டால், இளைஞன் அதை மேலே எடுத்திருக்க முடியாது. ‘முறைக்காரன் வந்துவிட்டான்’ என்றே ஊர் சொல்லியிருக்கும்.

இங்கே பகுத்தறிவுத் தோழர் ஒருவர் குறுக்கிடுவார். “படத்துக்கு மாலை, படத்தின்முன் மேளம்! பழைய பூசைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சாமியை இறக்கிவிட்டுத் தலைவரை ஏற்றி வைக்கிறீர்கள், அவ்வளவுதானே?” என்பார்.

நல்ல கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. வழிபடுகிறவன், தனக்கு வேண்டியதைக் கேட்கிறான். போற்றுகிறவன், தன்மேல் ஒரு கடமையை ஏற்கிறான். வழிபாட்டில் தெய்வம் உயர உயர, அடியான் தாழ்ந்துகொண்டே போகிறான். பாராட்டிலோ, அவர் மனிதராகவே நிற்கிறார். அவர் நின்ற இடத்துக்கு நாமும் ஏற முடியும் என்ற எண்ணம் நமக்கு எழுகிறது. தையற்காரப் பெண்ணைத் தெய்வமாக்கினால், ‘அவளால் முடிந்தது, நம்மால் ஆகுமா?’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடலாம். தையற்காரப் பெண்ணாகவே வைத்தால், நாம் தப்பிக்க முடியாது. விழா முடிந்து வீடு திரும்புகையில் நெஞ்சு நிறைந்திருந்தால் அது பூசை. நெஞ்சு உறுத்தினால் அது பாராட்டு.

“இசை அறிவை மயக்குமே?” என்று இன்னொருவர் கேட்பார். மயக்கும் இசையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 381 நாள் நடந்த மாண்ட்கோமரி மக்களை எண்ணிப் பாருங்கள். நடக்கவேண்டும் என்று அறிவு சொல்லிற்று. நாள்தோறும் நடக்கும் வலிமையை, மாலைக் கூட்டங்களில் அவர்கள் கூடிப் பாடிய பாட்டுகள் தந்தன. ‘வீ ஷால் ஓவர்கம்’ பாடலைக் கேளுங்கள். பழைய தேவாலயப் பாடலில் வேர் கொண்டது அது. 1945, 1946ஆம் ஆண்டுகளில், சார்ல்ஸ்டன் நகரப் புகையிலை ஆலையில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் வாயில் அது போர்ப்பாட்டாயிற்று. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். அவர்களிடமிருந்து ஹைலாண்டர் பள்ளிக்குச் சென்று, அங்கிருந்து நாடெங்கும் பரவிற்று. பெரிய அரங்கில் பேண்டுக் குழு முழங்கும் மெட்டுக்குப் பின்னால், புகையிலை நெடியில் நின்ற பெண்களின் குரல் இருக்கிறது!

போடி மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்னரே ஜீப்புகள் புறப்படுகின்றன. 17 கொண்டையூசி வளைவுகளை ஏறி, போடிமெட்டைக் கடந்து, கேரளத்து இடுக்கி மலைத் தோட்டங்களுக்குப் பெண்கள் செல்கின்றனர். ஏலச்செடி ஆளைவிட உயரம். காயோ அதன் அடியில், தரையை ஒட்டிப் படரும் தண்டில்! குனிந்தே பறிக்க வேண்டும். பகலெல்லாம் குனிந்தே இருக்க வேண்டும். உலகச் சந்தையில் மணக்கும் அந்தக் காய்க்குப் போடியில் ஏலம் நடக்கிறது. விலை ஏறுவதும் இறங்குவதும் செய்தியாகிறது. குனிந்த முதுகுகள் செய்தியாவதில்லை. அண்ணலின் பிறந்த நாளுக்குப் பறை முழங்கும் நாளிலும் அந்த ஜீப் புறப்படத்தான் செய்கிறது. அந்தப் பெண்களின் கூலியும், மதிப்பும், மலைப்பாதையில் அவர்தம் உயிர்க் காப்பும் பற்றிப் பேசாத விழா, எவ்வளவு ஓங்கி முழங்கினாலும், கேம்ப்ஹவுஸ் வைத்த அந்த இறுதி அடிகளை விட்டுவிட்டு வாசித்த இசைதான்.

அந்த இருண்ட ஒலிக்கு இந்த மண்ணிலும் காரணம் உண்டு. ரோசா எழ மறுத்த அதே 1955இல், இந்திய நாடாளுமன்றம் தீண்டாமைக் குற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தது. முப்பத்து நான்கு ஆண்டு சென்றது. 1989 செப்டம்பரில் போடிப் பகுதியில் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அதே 1989இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்தது. கட்டாய ஊழியம் வாங்குவது அச்சட்டப்படி குற்றம். ஏட்டில் இருக்கிறது அது. ஏட்டிலிருந்து தெருவுக்கு அதனை அழைத்து வருவது யார்? ‘முடியாது’ என்று முதலில் சொல்பவர்தான்; அவர் பக்கத்தில் போய் நிற்பவர்தான்.

பக்கத்தில் போய் நிற்பவர் என்றோம். அதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மறுத்தவனுக்கு வேலை போகும். கடன் கொடுத்தவன் கழுத்தைப் பிடிப்பான். தோட்டத்துப் பாதை அடைபடும். ரோசாவுக்கு வேலை போயிற்று. அந்த நகரத்து மக்கள் ஒன்றுபட்டு நடந்திராவிட்டால், அவர் மறுப்பு 14 டாலர் தண்டத்தோடு முடிந்திருக்கும். மறுப்பவரைத் தனியே விட்டுவிட்டு, அவர் மறைந்தபின் மேளம் கொட்டுவது பாராட்டன்று, குற்றவுணர்ச்சியின் கூச்சல்.

சிலமலையில் ஒத்திகை முடிந்தபின் அந்த இளைஞனிடம் தனியே ஒன்று கேட்டோம். “தம்பி, நாளை தலைவருக்காக அடிப்பாய். நாளை மறுநாள் மேலத்தெருவில் ஒரு சாவு. ‘வாடா’ என்று ஆள் வருகிறது. என்ன செய்வாய்?”

அவன் உடனே விடை சொல்லவில்லை. பறையின் தோலை விரலால் தடவிக்கொண்டே நின்றான். பிறகு, “அம்மா அவர்கள் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார்கள், அண்ணா” என்றான்.

அவனைக் குறை சொல்ல நமக்கு நா எழவில்லை. வீரம் குறைந்தவன் அல்லன் அவன். தாயின் கூலியைத் தலையில் சுமப்பவன். ‘முடியாது’ என்ற சொல்லுக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை அவன் ஒருவனே கொடுக்க வேண்டுமா, நாம் அனைவரும் பங்கிட்டுக் கொடுப்போமா என்பதே அன்று அங்கே எழுந்த உண்மைக் கேள்வி. பறையடிப்பதா கூடாதா என்பது அதன் நிழல்தான்.

எனவே, இளைஞர்களே! அடுத்த விழாவுக்குப் பறையைச் சூடேற்றுமுன், பேண்டுக் குழுவுக்கு முன்பணம் கொடுக்குமுன், உங்களை நீங்களே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். வாசிக்கும் கை, வாசிக்க மறுக்கவும் உரிமையுள்ள கைதானா? நாம் போற்றும் பெரியவர், எதை மறுத்தாரோ அது நம் ஊரில் இன்னும் நடக்கிறதா? அதை மறுக்க ஒருவன் எழுந்தால், அவன் அடுப்பெரிய நம்மிடம் வழி இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு ‘இருக்கிறது’ என்று விடை சொல்ல முடிந்த நாளில், அந்த இளைஞன் தயங்கமாட்டான். அவன் தாய் குனிந்தே இருக்கமாட்டாள். முதியவரும், யார் கண்டார், ஒருவேளை கை நீட்டிப் பறையை வாங்கக்கூடும். வாங்காவிட்டாலும் குற்றமில்லை. அவர் அடிக்காமல் நிற்பதன் பொருளை அன்று ஊர் முழுதும் அறிந்திருக்கும்.

அதுவரை, முழக்கம் ஓய்ந்தபின் எழும் அந்த இருண்ட ஒலியைக் காதில் வைத்திருப்போம்!